கையில் வைத்த எள்ளுருண்டை

மேசையில் ஒரு பழைய பரீட்சைத் தாள், அதன் மேல் இரண்டு எள்ளுருண்டை. கணித டீச்சரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த மேசைதான், முகம் அல்ல. கண்டியில் ஒரே பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தோம். எள்ளுருண்டையை அவரே வீட்டில் உருட்டிக்கொண்டு வருவார். ஒருநாளும் கையில் தரமாட்டார். மேசையில் வைப்பார், நான் எடுத்துக்கொள்ள வேண்டும். எள்ளைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு அறுந்துபோகுமாம். நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள்; வேண்டுமென்றே கையை நீட்டி வம்பு பண்ணுவேன். கணக்குப் படிப்பிக்கிற ஆள் பேசுகிற பேச்சா இது என்று கேட்பேன். சிரிப்பார், ஆனால் மேசையில்தான் வைப்பார்.

நான் சரித்திரம் படிப்பித்தவள். ஹரப்பாவில் கரிந்த எள் கிடைத்த கதை வரும்போதெல்லாம் அவருடைய உருண்டையில் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோவேன். நகரமே மண்ணுக்குள் போய்விட்டது, இது மட்டும் இன்னும் உங்கள் பல்லிடுக்கில் ஒட்டுகிறது பிள்ளைகளே என்பேன். அப்படியென்றால் தன் பழக்கமும் அவ்வளவு பழசாகத்தான் இருக்கும், சும்மா சிரிக்க வேண்டாம் என்றார் அவர்.

பென்ஷன் எடுத்ததும் கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீடெடுத்து இருவரும் ஒன்றாக இருப்பதென்று பேசி வைத்திருந்தோம். அவர் கணவரை இழந்தவர், நான் கல்யாணமே கட்டாதவள். வீடுகூடப் பார்த்தாயிற்று. அந்த நேரம் பார்த்து, தன் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று கனடாவிலிருந்து அவர் மகன் கூப்பிட்டான். போகிறேன் என்று அவர் சொன்ன நாளிலிருந்து நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபம்தான், வேறென்ன. கடைசி நாள் எல்லோரும் போனபின் ஆசிரியர் அறைக்கு வந்தார். என் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் ஒரு எள்ளுருண்டையை வைத்தார்.

“எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காதீங்க டீச்சர்.”

எனக்கு அது வெறும் கதை. அவர் நம்பித்தான் வைத்தார்.

இப்போது முழங்கால் வலி, ஏற முடியாத படிகள், ஒருத்திக்கு மட்டும் உலை. போன ஞாயிறு தெல்தெனிய பஸ்ஸில் தலகுலி என்று சிங்களத்தில் கூவி எள்ளுருண்டை விற்றார்கள். ஒன்று வாங்கிவந்து மேசையில் தாள் விரித்து வைத்தேன். போன் அடித்தது. ஞாயிறு தவறாமல் கனடாவிலிருந்து அவர்தான் எடுப்பார். அங்கே பனியாம், கால் வீக்கமாம். கேட்கக் கேட்க எனக்கு அலுப்பாக இருந்தது.

“அத்துப் போகலையே டீச்சர்,” என்றேன்.



“இல்ல,” என்றார். “நானும் அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

போனை வைத்த பிறகும் உருண்டை மேசையிலேயே இருந்தது. நானே வைத்ததை நானே எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.