கரையில் உட்கார மாட்டோம்

எங்கள் வீட்டில் ஒகேனக்கல் போவதற்கென்று ஒரு முறை உண்டு. ஆண்கள் குளிப்பார்கள், பெண்கள் பை பார்த்துக்கொள்வார்கள். வேனைவிட்டு இறங்கியதும் அவர்கள் சட்டை, வாட்ச், செல்போன் எல்லாவற்றையும் எங்கள் மடியில் போட்டுவிட்டு, ஜட்டியோடு பாறையில் மல்லாந்து படுத்து எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். நாங்கள் துண்டோடு உட்கார்ந்திருப்போம். வறுத்த மீன் வாங்கி வந்து முள் எடுத்துக் குழந்தைகளுக்கு ஊட்டுவோம். கல்யாணமாகிப் பாலக்கோட்டுக்கு வந்ததிலிருந்து எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒரு தடவைகூட என் முழங்கால் நனைந்ததில்லை. அதைப் பற்றி நான் பெரிதாக யோசித்ததும் இல்லை.

என் பெண் வயதுக்கு வந்த பிறகு முதல் தடவையாகப் போனபோதுதான் எனக்குக் கண் திறந்தது. அதற்கு முந்தின கோடையில் தம்பியோடு சேர்ந்து கும்மாளம் போட்டவள். இந்தத் தடவையும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயாராக நின்றாள். என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, அவள் தோளில் ஒரு பையை மாட்டினார்.

"நீ பெரிய மனுசி ஆயிட்ட கண்ணு. இனிமே தண்ணிக்கெல்லாம் போவக்கூடாது. இங்கயே அத்தைகூட உக்காந்து பையப் பாத்துக்கோ."

அவள் அழுதிருந்தால் சமாதானம் சொல்லிவிட்டு மறந்திருப்பேன். அழவில்லை. செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, காலை மடக்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், காலம் காலமாக அதே வேலை பார்த்தவள் மாதிரி.

திரும்பி வரும்போது வேனிலேயே அறிவித்துவிட்டேன். "அடுத்த லீவுக்கு நாம கடலுக்குப் போறோம். வெளிநாட்டுக் கடலுக்கு. அங்க எம்பொண்ணு தண்ணில எறங்குவா."

வெளிநாடு எதற்கு என்று கேட்பீர்கள். நம்மூர்க் கடற்கரை எதற்குப் போனாலும் எங்களோடு ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வருவார்கள். பாஸ்போர்ட் வேண்டும் என்று சொன்னால் தானாகக் கழன்றுகொள்வார்கள். அவ்வளவுதான் என் ராஜதந்திரம். என் வீட்டுக்காரருக்குத் தக்காளி மண்டி. மார்க்கெட்டில் ஏலம் விடுகிற தொண்டை, வீட்டில் மட்டும் சன்னமாகிவிடும். "சரி சரி, பாக்கலாம்" என்றார். பாலக்கோடு வருவதற்குள் மறந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார், பாவம்.

பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்கப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். தெருவே எட்டிப் பார்த்தது.

"வேலைக்குப் போறீங்களாம்மா?"

"இல்லைங்க."

"அங்க சொந்தக்காரங்க யாராச்சும்?"

"யாரும் இல்லைங்க."

"அப்புறம் எதுக்கு?"

"சும்மாதாங்க. கடல்ல குளிக்க."

அவர் நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ் தைக்க வருகிறவர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்துபோனது. எந்தக் கோயில் என்று கேட்டார்கள். கோயில் இல்லை என்றேன். பிள்ளைகளுக்கு ஏதாவது வேண்டுதலா என்று கேட்டார்கள். அதுவும் இல்லை என்றதும், மறைக்கிறேன் என்று முடிவு கட்டினார்கள். அடுத்த தெரு டீச்சரம்மா மட்டும் உண்மையிலேயே கவலைப்பட்டார். "மே மாசத்துல எல்லாரும் ஏற்காடு போவாங்க. நீங்க இலங்கைக்கா? இங்க இல்லாத வெயிலா? காசு குடுத்து வெயில் வாங்கப் போறீங்களே!" நானும் சிரித்துவிட்டேன். ஆனால் திட்டத்தை மாற்றவில்லை.

எனக்கு இந்த மாதிரி ஊர் சுற்றிப் பழக்கம் கிடையாது. பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் செல்போனில் வீடியோ பார்த்தேன். மே மாதம் இலங்கையில் ஒரு பக்கம் மழை பிடிக்கும், கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். பாசிக்குடா என்று ஓர் ஊர். கடலுக்குள் வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்புக்கு மேல் வராதாம். எனக்கும் நீச்சல் தெரியாது, என் பெண்ணுக்கும் தெரியாது. எங்களுக்கென்றே யாரோ செய்து வைத்த கடல் என்று சந்தோஷப்பட்டேன். பையன் யானை பார்க்க வேண்டும் என்றான், சேர்த்துக்கொண்டேன். ரயிலில் ஜன்னலோரம் வேண்டும் என்றான், சரி என்றேன். வீட்டுக்காரர் மத்தியானம் சோறு இருந்தால் போதும் என்றார், அங்கேயும் சோறுதான் சாப்பிடுகிறார்கள் என்று சொன்னேன். பெண்ணைக் கேட்டேன். "உன் இஷ்டம்மா" என்றாள். ஒகேனக்கல்லுக்குப் பிறகு அவள் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் பயமாக இருந்தது.

நீச்சல் உடையை நானே தைப்பது என்று முடிவு செய்தேன். கடையில் கிடைத்தவை ஒன்று சின்னக் குழந்தைகளுக்கானவை, இல்லாவிட்டால் அவள் போடவே மாட்டேன் என்கிற மாதிரி. பெங்களூரில் இழுத்தால் நீளுகிற துணி வாங்கினேன். சாதா ஊசிக்குத் தையல் விட்டு விட்டு விழுந்தது. அதற்கென்று தனி ஊசி வாங்கிப் போட்டேன். முழுக்கை, கணுக்கால் வரை பேன்ட், மேலே இடுப்புக்குக் கீழே வரும் சட்டை. நல்ல கருநீலம். கையில் எடுத்துப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

அது மிஷின்மேல் கிடந்தபோது நாத்தனார் கடைக்குள் வந்தார். யாரோ சொல்லித்தான் வந்திருக்க வேண்டும். உட்காரக்கூட இல்லை.

"இதப் போட்டுக்கிட்டு வயசுக்கு வந்த புள்ள நாலு பேரு முன்னால நனஞ்சு நிக்கணுமா? நம்ம வூட்டு மானம் என்னாவறது?"

பெண் மூலையில் உட்கார்ந்து ஹூக் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றதைப் பார்த்தேன். அவளுக்காகத்தான் சத்தமாகச் சொன்னேன்.

"அண்ணி, உங்க தம்பி ஒகேனக்கல்ல ஊரே பாக்க ஜட்டியோட படுத்துக் கெடந்தாரே. அன்னிக்குப் போவாத மானம் இவ கணுக்கால் வரைக்கும் மூடிக்கிட்டுக் குளிச்சாப் போயிருமாங்க?"

"ஆம்பளையும் பொம்பளையும் ஒண்ணா?"

"தண்ணிக்கு ஒண்ணுதாங்க."

அவர் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஜெயித்துவிட்ட நினைப்பு. பெண்ணிடம் உடையை நீட்டி, "போட்டுப் பாரு" என்றேன்.

அவள் வாங்கிக்கொண்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "நீ என்னம்மா போட்டுக்குவ?"

"நானா? நான் எதுக்கு? நான் கரையில உக்காந்து உங்களப் பாத்துக்குவேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. மாசக்கணக்காகத் திட்டம் போட்டிருக்கிறேன். யானைக்கு இடம் இருந்தது, சோற்றுக்கு இடம் இருந்தது. நான் தண்ணீரில் இறங்குவதாக அதில் எங்கேயும் இல்லை.

அவள் உடையை மடித்து மிஷின்மேல் வைத்தாள். கோபமெல்லாம் இல்லை. "அப்ப நானும் உன்கூடவே உக்காந்துக்கறேன்" என்றாள்.

நாத்தனாரோடு போட்ட சண்டையெல்லாம் வீண், நானும் இறங்குவதைக் கண்ணால் பார்த்தால்தான் இவளுக்கு நம்பிக்கை வரும் என்று புரிந்தது. டேப்பை எடுத்தேன். இந்த ஊரில் பாதிப் பெண்களுக்கு அளவெடுத்திருக்கிறேன், எனக்கு எடுத்து வருஷமாகிவிட்டது. முதுகுப்பக்கம் எட்டவில்லை. அவளைத்தான் பிடிக்கச் சொன்னேன். இடுப்பளவைப் படித்துவிட்டு அவள் கொஞ்சம் சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என்னுடையதைத் தைத்து முடித்த அன்றே நாத்தனாருக்குச் சேதி போய்விட்டது. போனில் கூப்பிட்டார். "உனக்கும் ஒண்ணு தச்சிருக்கியாமே?"

"ஆமாங்க அண்ணி. மீதித் துணி கெடக்குது. உங்க அளவு எங்கிட்டத்தான் இருக்குது, சொல்லுங்க, ஒண்ணு தச்சிருவோம்."

பட்டென்று போனை வைத்துவிட்டார். கிளம்புகிற அன்று வழியனுப்பவும் வரவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை, என் இரண்டு பிரசவத்திலும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர். அதற்காக என் பெண்ணை அவர் சொல்கிற இடத்தில் உட்காரவைக்க முடியாது.

யானையைப் பார்த்தோம். ரயிலில் பையனுக்கு ஜன்னலோரம் கிடைத்தது, அவன் தூங்கிவிட்டான். பாசிக்குடாவில் காலையிலேயே கடலுக்குப் போய்விட்டோம். பையன் எடுத்த எடுப்பில் ஓடினான். அந்தக் கருநீலத்தைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றபோது எனக்கு உடம்பே கூசியது, ஒத்துக்கொள்கிறேன். வயிற்றை எக்கிக்கொண்டுதான் நடந்தேன். பெண் என் கையைப் பிடித்திருந்தாள். வெதுவெதுப்பான தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, பிறகு தொடைக்கு. காலடியில் மணல் நழுவும்போதெல்லாம் நான்தான் கத்தினேன், அவள் கத்தவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். கரையில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் பதறிப்போனார். மண்டியில் ஏலம் விடுகிற அந்தத் தொண்டை அன்றைக்குத்தான் எங்களுக்காகத் திறந்தது.

"ஏய், ஆளுங்க வராங்க! ரெண்டு பேரும் மேல வாங்க! போதும், வாங்க!"

பெண் கரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தாள்.

நான் கரைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். அவள் கையை விடாமல் இன்னும் கொஞ்சம் உள்ளே நடந்தேன். அவர் இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகவே கேட்டது.