வாசலைப் பார்த்த சப்பாத்துகள்

அம்மா இருந்த அதே பலேர்மோவில்தான் நானும் இருந்தேன். ஆனாலும் அவளைக் காண வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டும். நகரத்தின் மறுகோடியில் ஒரு பணக்கார இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் தங்கி, அவருடைய இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, நித்திரையாக்குவது அம்மாவின் வேலை. வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் லீவு. முகம் தெரியாத அந்தப் பிள்ளைகளை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் வீடு வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருந்தது. அப்பா உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வர இருட்டிவிடும். எதிர்க் கதவில் ஒரு ஜப்பான் தம்பதி. கணவர் தேவாலயங்களில் பழைய ஓவியங்களைத் திருத்துபவர். மனைவிக்குப் பிள்ளைகள் இல்லை. இத்தாலிய மொழியும் அரைகுறை. ஒருநாள் வீட்டுத் திறப்பைத் தொலைத்துவிட்டுப் படியில் குந்தியிருந்த என்னை அந்த அன்ரிதான் உள்ளே கூப்பிட்டார். சோற்றை உருண்டையாகப் பிடித்துக் கையில் வைத்தார். அம்மா குழைத்துத் தருகிற மாதிரியே இருந்தது, கறிதான் இல்லை. அழுதுகொண்டே மூன்று உருண்டை தின்றேன். பின்னே, பசி என்றால் பசிதானே!

அன்று புறப்படும்போது பார்த்தால், நான் கழற்றிவிட்ட சப்பாத்துகள் வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. போய்த் தொலை என்கிறாராக்கும் என்று எனக்குச் சரியான ரோசம். இரண்டு நாள் கழித்துத்தான், அவருடைய கணவரின் சப்பாத்தும் அப்படியே இருக்கக் கண்டேன். போகிறவர் குனிந்து சிரமப்படாமல் காலை நேரே நுழைக்கட்டும் என்று செய்கிற மரியாதை அது. அன்ரியே நுழைத்துக் காட்டினார். அதன்பிறகு பள்ளி விட்டால் நேரே ஜப்பான் அன்ரி வீடுதான்.

வியாழக்கிழமைகளில் என் வாயில் அன்ரி புராணமே ஓடியது. அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"அவவை ஒருக்கால் நானும் பாக்க வேணும்," என்றாள். கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, வடை சுட்டு எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள்.

அன்ரிக்கு ஒரே சந்தோஷம். தேநீர் ஊற்றினார். வழக்கம்போல என்னை முன்னால் இருத்திச் சீப்பால் தலை இழுத்துவிட்டார். அம்மா தேநீரைத் தொடாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிக்கிடும்போது எங்கள் இருவரின் சப்பாத்துகளும் வாசலைப் பார்த்து நின்றன.

வீட்டுக்குள் வந்ததும் வெடித்தாள். "வந்த ஆளின்ரை சப்பாத்தை வாசலைப் பாக்கத் திருப்பி வைக்கிறாள்! எழும்பிப் போ எண்டுதானே அர்த்தம்?"

இல்லையம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், அன்று நேரத்தோடு வந்திருந்த அப்பாவிடம் திரும்பிவிட்டாள்.

"பிள்ளையை ஆரோ ஒருத்தியின்ரை வீட்டிலை விட்டிட்டு எனக்கு அந்த வேலை வேண்டாம். நாளைக்கே சிஞ்ஞோராட்டைச் சொல்லப்போறன்."

"இஞ்சை இருக்கிறதுக்கு உம்மடை பெர்மெஸ்ஸோ அந்த வேலையாலைதானே கிடைச்சது? இனி விசாவுக்கு என்ன செய்யிறது?"

"பகல் வேலை ஒண்டு தேடுவம். நான் வீட்டை வாறன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு சொல் சொன்னால் அன்ரி மிஞ்சுவார். சொல்லாவிட்டால் அம்மா வருவாள்.

மறுநாள் பின்னேரம் அன்ரி கதவைத் தட்டினார். என் பெயர் அவருக்குச் சரியாக வாயில் வராது. பாதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கதவைத் திறந்தால் அம்மா மனம் மாறிவிடுவாளோ என்ற பயத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று நாள் தட்டினார். பிறகு தட்டவில்லை. அடுத்த கிழமை அம்மா பெட்டியோடு வந்து சேர்ந்தாள். கோடை முடியுமுன் அன்ரியும் கணவரும் நாப்போலிக்குப் போகிற கப்பலில் ஏறிப் போய்விட்டார்களாம். கீழ்வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்தது. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா பக்கத்திலேயே இருந்தும் இறங்கவில்லை.

எனக்குக் கலியாணமாகிப் பிள்ளையும் பிறந்த பிறகு ஒருநாள், மனம் பொறுக்காமல் அம்மாவிடம் அந்தச் சப்பாத்துகளின் உண்மையைச் சொன்னேன்.

"விசர்ப்பிள்ளை," என்றாள். "உன்ரை சப்பாத்தையும் அவ அப்பிடித்தானே வைச்சவ? எனக்கு அண்டைக்கே விளங்கினது."

"அப்ப ஏனம்மா அவ்வளவு கத்தினீங்கள்?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "அவ தலை இழுக்கேக்கை நீ கண்ணை மூடிக்கொண்டு இருந்தனீ," என்றாள்.

எனக்கு அம்மா வேண்டியிருந்தது மட்டும்தான் அந்த எட்டு வயதில் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு நான் வேண்டியிருந்தது தெரியாது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பாதிப் பெயரால் கூப்பிட்டவருக்கும் நான் வேண்டியிருந்தேன் என்பதும் தெரியாது.