வலது தோள் இறங்கும்போது

அண்ணனின் சிலம்பக் கம்பு நுனியில் ஒரு துணி சுற்றியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைச் சுண்ணாம்பு நீரில் நனைத்துக்கொண்டு வாசலுக்கு வருவான். போட்டியில் கம்பு நுனி எதிராளியின் உடம்பில் பட்டால் புள்ளி. பட்டது தெரிய வேண்டும் என்பதற்குத்தான் சுண்ணாம்பு. பட்டவுடன் இருவரும் பின்வாங்கி நின்றுவிட வேண்டும். நடுவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் மறுபடி கம்பு சுழலும். நான் அப்போது கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கராத்தே படித்துக்கொண்டிருந்தேன். பிரவுன் பெல்ட் வாங்கியிருந்த திமிரில் அவனுடைய கம்புக்கு எதிரே வெறுங்கையோடு நிற்பேன். கொஞ்ச நேரத்தில் என் சுடிதார் முழுக்க வெள்ளைத் தடமாகிவிடும்.

நிஜச் சண்டைக்கு எது உதவும் என்பது எங்களுக்குள் ஓயாத வழக்கு. கராத்தே ஓடு உடைக்கத்தான் லாயக்கு, ஓடு திருப்பி அடிக்காது என்பான். பஸ்ஸில் போகிறவன் கம்பையும் தூக்கிக்கொண்டா போவான், கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்பார் என்பேன். நான் ஆசைப்பட்டு வாங்கிய நுன்சாக்குச் சங்கிலிக் கட்டை என் முழங்கையையே பதம் பார்த்த கதையை, அவன் பாச்சலூர்ப் பக்கம் ஓட்டிய ஜீப்பில் ஏறியவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறான். பழனியில் அவனுடைய ஆசான் வீட்டில் சுருள்வாளை எடுத்து வீசித் தன் காது மடலையே கிழித்துக்கொண்டு வந்தவன் அவன். அதை நானும் விடாமல் சொல்லிக் காட்டுவேன். உடம்பில் தழும்பு இருந்தால் வீரம் தெரியும் என்று அவன் சமாளிப்பான்.

எங்கள் இருவருக்கும் மூத்தவள் அக்கா. சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்குள்ளேயே பேசி, அவளைப் பாலசமுத்திரத்தில் கொடுத்திருந்தார்கள். மச்சானுக்கு அங்கே மாந்தோப்புக் குத்தகை. ஒரு மழைக்கால மத்தியானம் அக்கா பழனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு கண் வீங்கி மூடிப்போயிருந்தது. கையில் துணி வைத்த பிளாஸ்டிக் பை. அம்மா வெந்நீர் வைத்து முகத்தைத் துடைத்தபோது அவள் அழவில்லை. "இனி நான் அங்க போகல்லம்மா. போனா என்னையக் கொன்னுருவாரு" என்று மட்டும் சொன்னாள். அதைச் சும்மா ஒரு பேச்சாக அவள் சொல்லவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போனான். அந்த ஆளை அன்றே கொன்றுவிடலாம் என்று எனக்கு இருந்தது.

கூட்டிப்போக வருகிறேன் என்று மச்சான் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். வரட்டும் என்றான் அண்ணன். நானும் அதையேதான் சொன்னேன். ஒரு கம்புக்காரனும் ஒரு பிரவுன் பெல்ட்டும் இருக்கிற வீட்டில் அக்காவை யார் தொட முடியும்? அம்மா மட்டும் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் ஒரு சத்தம் கொடுத்தால் ஓடி வரும்படி கேட்டுக்கொண்டு வந்தாள்.

அவர் வந்த காலையில் பனிமூட்டம் வாசல்வரை இறங்கியிருந்தது. அம்மா வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். படி ஏறி வந்தவரின் முகம் தெரிவதற்கு முன்பே கையிலிருந்த அரிவாள் தெரிந்தது. மாமரத்தில் கிளை கழிக்கிற அரிவாள். அண்ணன் பயிற்சிக்கு நனைத்து வைத்திருந்த கம்பை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினான். ஒன்று சொல்லியாக வேண்டும்: அழகாகத்தான் ஆடினான். முதல் வீச்சைக் கம்பின் அடியால் தட்டிவிட்டான். அடுத்ததற்குக் குனிந்து, கம்பை நீட்டி, நுனியால் மச்சானின் விலாவில் குத்தினான். நீலச் சட்டையில் சுண்ணாம்பு வட்டமாகப் பதிந்தது. பதிந்ததும் அண்ணன் கம்பைத் தாழ்த்திப் பின்வாங்கி நின்றான்.

மச்சானுக்கு அந்த விதியெல்லாம் தெரியாது. அரிவாள் அண்ணனின் முன்னங்கையில் இறங்கியது. கம்பு படியில் உருண்டு போனது. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட, விரல் இடுக்கில் ரத்தம் கொப்பளித்தது.

வாசற்படியை மறித்து நான் நின்றேன். என் ஆயுசில் அவ்வளவு சரியான குத்தை நான் விட்டதில்லை. இடுப்பு திரும்பியது, குதிகால் திரும்பியது, முஷ்டி நேராக அவர் மூக்குக்குப் போனது. போய், தோலைத் தொடாமல் நின்றது. அப்படி நிறுத்துவதற்குத்தான் வருடக்கணக்காகப் பயிற்சி. என் கண்ட்ரோலை மாஸ்டர் எல்லோர் முன்னாலும் புகழ்ந்திருக்கிறார். மச்சான்கூட ஒரு கணம் திகைத்துப்போய் என் முஷ்டியைப் பார்த்தார். அடுத்து உதைக்கலாம் என்று காலைத் தூக்கினேன். குளிருக்குப் போட்டிருந்த கம்பளிக் காலுறை ஈரச் சிமெண்டில் வழுக்கியது. நான் விழ, என் வயிற்றில் மிதித்துக்கொண்டு அவர் உள்ளே போனார்.

அக்கா அடுப்படியில் சுவரோரம் நின்றாள். ஓடு என்று கத்தினேன். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. அவள் பின்வாங்கவில்லை. அவர் அரிவாளை ஓங்குவதற்குள், ஓங்கப் போகிறார் என்று எனக்கே தெரிவதற்குள், அவர் நெஞ்சோடு போய் ஒட்டிக்கொண்டாள். இரண்டு கையாலும் அந்த வலது கையை அக்குளோடு சேர்த்து இறுக்கி, தோளில் பல்லைப் பதித்தாள். அரிவாளின் வெறும் பிடிதான் அவள் முதுகில் இடித்தது. இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். அவர் தலை அடுப்புத் திட்டில் மோதியது. அதற்கப்புறமும் அவள் விடவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திட்டின் விளிம்பில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். அரிவாள் கீழே விழுந்த பிறகும் அறைந்துகொண்டிருந்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்து வீட்டார் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவரை இழுத்துப் போட முடிந்தது. அக்காவின் வாயெல்லாம் ரத்தம், அவளுடையதல்ல.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு கிடந்த அண்ணன் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னான்: "நான்தான் தொட்டுட்டேன்ல. அவரு ஏன் நிக்கல?" அவனுடைய சுண்டுவிரல் இன்றும் மடங்காது. கம்பைப் பிறகு அவன் தொடவில்லை.

அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவிடம், அந்தக் கையை எப்படிப் பிடித்தாய், யாராலும் அது முடியாதே என்று கேட்டேன். என்னவோ காய்கறி நறுக்கும் பக்குவத்தைக் கேட்டதுபோல அவள் பதில் சொன்னாள்.

"அவனுக்குக் கை வர்றதுக்கு முன்னாடி வலது தோள் எறங்கும்டி. மூச்ச ஒருவாட்டி உள்ள இழுப்பான். அப்பவே வெரசா கிட்டப் போயிரணும். ஒட்டி நின்னா அடி பலமா விழாது. வெலகுனாத்தான் கொல்லும். எத்தன நாளு வாங்கியிருக்கேன், இதுகூடத் தெரியாதா?"

அதுவரை அவள் அவரை அவன் என்று சொன்னதில்லை. நான் எழுந்து வராந்தாவுக்குப் போய் அழுதேன். வயிற்றில் மிதிபட்ட இடம் அழும்போது வலித்தது.

கேஸ் நடந்தது, விவாகரத்தும் கிடைத்தது, எல்லாம் ஆயிற்று. அக்கா ஏரிக்கரைப் பக்கம் ஒரு கடையில் சாக்லேட்டுக்குத் தாள் சுற்றுகிறாள். டூரிஸ்ட் பிள்ளைகளுக்கு உடைந்த துண்டுகளை எடுத்துக் கொடுத்து முதலாளியிடம் ஏச்சு வாங்குகிறாள். எனக்குப் பிளாக் பெல்ட் வந்தது. பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்புச் சொல்லித் தருகிறேன். மற்ற மாஸ்டர்கள் முஷ்டி மடக்குவதில் தொடங்குவார்கள். நான் தோளில் தொடங்குவேன். ஒரு பிள்ளையை எதிரே நிறுத்தி, என் கையை மெல்ல ஓங்கிக் காட்டி, எங்கே முதலில் அசைகிறது என்று பார்க்கச் சொல்வேன். கண்டுபிடிக்க அவர்களுக்கு நாள் பிடிக்கும். பெரும்பாலும் சிரிப்பார்கள், கண்ணை மூடிக்கொள்வார்கள், பின்னால் ஓடுவார்கள். அதுதான் இயல்பு.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி முன்வரிசையில் நின்றாள். எட்டாவது படிக்கிற, ஒல்லியான பிள்ளை. நான் இன்னும் எதையும் விளக்கியிருக்கவில்லை. தோளை லேசாக இறக்கினேன், அவ்வளவுதான். கை எழும்பவே இல்லை. அதற்குள் அவள் என் நெஞ்சோடு வந்து ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் என் வலது கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

மற்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை. வகுப்பு முடிந்ததும் எல்லோரையும் அனுப்பிவிட்டு, அவளை மட்டும் இருக்கச் சொன்னேன்.