வாசல் சுவருக்கு ஒரு படம்

மைசூர் அக்ரஹாரத்தில் இன்று வாடகை வீட்டுக்குக் குடிவந்தேன்.

சாமான்களில் ஒரு சாமி படம்கூட இல்லையே என்று வீட்டுக்காரர் கேட்டார். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம், சார். ஆனா தெருவுல போறவா கண்ணுல ஏதாவது ஒரு படம் படணும். இல்லேன்னா என்னைத்தான் பேசுவா."

என்னிடம் இருந்த ஒரே படம் மகாராஜாவுடையது. அதை வாசலுக்கு நேரே மாட்டினேன்.

வீட்டுக்காரர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். "இது போதும். நாளையிலேர்ந்து பூ அனுப்பறேன்."

கடவுள் இல்லை என்பதைச் சுலபமாகச் சொல்லிவிட்டேன். மகாராஜாவுக்குப் பூ வேண்டாம் என்று மைசூரில் எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தவர் யாராவது இருக்கிறீர்களா?