அக்கா சொன்ன ‘சரி’

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினோரு வருடமாக விரிப்பு மடிக்கும் அக்கா, வேலை உடுப்போடு நேராகப் பள்ளிக்கு வந்திருந்தார். அவருடைய ஏழு வயது மகளுக்குப் பேச்சு இன்னும் கூடிவரவில்லை. வகுப்பில் பக்கத்திலேயே உட்கார்ந்து உதவ ஒரு துணை ஆசிரியை இருக்கிறார். அந்த உதவியைத் தொடர்வதா, குழந்தையை அரைநாளோடு வீட்டுக்கு அனுப்புவதா என்பதற்குத்தான் கூட்டம். பெற்றோர் உதவி மையத்திலிருந்து நான் துணைக்குப் போயிருந்தேன். வேலையில் சேர்ந்து நாலே மாதம்.

பள்ளியின் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பாளர் அறிக்கையை வேகமாக வாசித்தார்.

“மத்தியானத்துக்கு மேல பிள்ளை சோர்ந்துடறா.”

“சரி.”

“துணை டீச்சருக்கு வேற வகுப்பும் இருக்கு.”

“சரி, சரி.”

“அதனால அரைநாள் போதும்னு நினைக்கிறோம்.”

“ம்... சரி.”

கடைசித் தாளில் ‘தாயார் சம்மதித்தார்’ என்று எழுதி அக்கா பக்கம் நகர்த்தினார். அக்கா பேனாவைத் திறந்துவிட்டார்.

என் குறிப்பேட்டைப் பார்த்தேன். நானும் ‘சம்மதம்’ என்றே எழுதியிருந்தேன். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் என் அப்பா வரிக்கு வரி ‘சரிங்க’ போடுவார். ‘காதுல விழுது, மேல சொல்லுங்க’ என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது. படித்துப் பட்டம் வாங்கிய நான் அதை எங்கே தொலைத்தேன்?

“அக்கா, இருங்க. அரைநாளுக்குச் சம்மதமா?”

“என்னது? யாரு சொன்னா?”

“நீங்கதானேம்மா சரின்னீங்க?” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

“பேசற மனுஷர் முன்னாடி உம்முனு உட்காரச் சொல்றீங்களா சார்? கேட்டுக்கிட்டிருக்கேன்னு சொன்னா, பிள்ளையோட பாதி நாளைப் பிடுங்கிடுவீங்களா?”

“அடுத்தவங்க வெளியே காத்திருக்காங்க...”

“நீங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போடலேன்னா இப்ப இருக்கற உதவியை நிறுத்த முடியாதுக்கா,” என்றேன்.

ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா அந்த வரியை அடித்துவிட்டு, ‘சம்மதம் இல்லை’ என்று எழுத்துக்கூட்டி எழுதினார். பிறகு கையெழுத்திட்டு, “ஒரு நகல் குடுங்க. அடுத்த கூட்டத்துக்கு அந்த டீச்சரும் இருக்கணும்” என்றார்.

நடைபாதைக்கு வந்ததும் கேட்டார். “டீச்சர் நாளைக்கும் வருவாங்கல்ல?”

“வருவாங்கக்கா. மறு கூட்டம் வரைக்கும் யாரும் மாத்த முடியாது.”

“இந்த விஷயம் முன்னாடியே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“பின்னே ஏன் தங்கச்சி, உள்ளே போறதுக்கு முன்னாடி சொல்லல?”

அக்கா நகலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.