சடன் அண்ணனின் ஞாயிற்றுக்கிழமை டிஸ்க்குகள்

முன்னால் யாரும் இல்லை. பின்னாலும் யாரும் இல்லை. நாய்கூடக் குறுக்கே வரவில்லை. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் காரைச் சடன் அண்ணன் சட்டென்று நிறுத்துகிறார். டயர் ஏதோ முனகிவிட்டு அடங்குகிறது. பின்சீட்டில் எனக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கும் சிமென்ட் மூட்டை ஒருமுறை குனிந்து நிமிர்கிறது. நானும்தான். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கிறார்.

“கழுத்து எப்படி இருக்கு தம்பி?”

“பரவாயில்லண்ணே.”

“பரவாயில்லன்னா? போன வாரத்துக்கு இது தேவலாமா, மோசமா?”

போன வாரம் இதே காரில் வேறு பிரேக் டிஸ்க் இருந்தது. அதற்கு முந்தைய வாரம் இன்னொன்று. மூட்டையை எடைக்காக ஏற்றியிருக்கிறார், என்னை எடைக்கும் அபிப்பிராயத்துக்குமாக. “மூட்டைகிட்ட கேட்டா வாயைத் தொறக்காது” என்பது அவர் விளக்கம். என்னிடம் கேட்டாலும் பெரிதாக ஒன்றும் வராது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் மூட்டையைவிட நான் ஒரு படி மேல் என்று மதித்துக் கேட்கிறார்.

அவர் வீட்டு மாடியில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். அவருக்கு ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேலை, அதிலும் பிரேக் வேலை மட்டும். இஞ்சின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். “ஓட வைக்கிறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்கான்” என்பார். பிரேக்கை முடித்த ஒவ்வொரு வண்டியையும் வெளியே எடுத்துப் போய் நாலு முறையாவது பலமாக மிதித்துப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுப்பார். சடன் பிரேக்கிலிருந்து சடன் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரை அவர் மனைவி மட்டும் எப்போதாவது எடுப்பார், அதுவும் கோபம் உச்சத்துக்குப் போகும்போது. அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

மற்றபடி அவரிடம் சடனாக நடப்பது எதுவும் கிடையாது. சட்டையின் கடைசிப் பொத்தானுக்கு அவர் விரல் வந்து சேர்வதற்குள் தெருமுனையில் பஸ் போய்விடும். நெடுநெடுவென்று உயரம். நடக்கையில் உடம்பின் மேல்பாதி கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும். நகக் கண்ணில் எப்போதும் கறுப்பு, சட்டையில் தேய்ந்த இரும்பின் வாசனை. சக்கரம் உள்ள எதைப் பார்த்தாலும் கால் சும்மா இருக்காது. மளிகைக் கடையில் தள்ளுவண்டியை எடுத்தால் முதலில் நிறுத்திப் பார்ப்பார், பிறகுதான் சாமான். மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்கப் போனவர், நடைபாதையில் இருந்த சக்கர நாற்காலிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பூட்டித் திறந்து பார்த்துவிட்டுத்தான் அறைக்குள் வந்தாராம். “எங்கப்பா நாடியைக்கூட அவ்வளவு அக்கறையா யாரும் பார்க்கல” என்று அக்கா இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டு. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் பேடு என்கிற தேய்ப்புக் கட்டைகள் வந்து கவ்விக்கொள்ளும். தட்டு நிற்கும், சக்கரம் நிற்கும், நாமும் நிற்போம். நான் இங்கே மூன்று வாக்கியத்தில் சொன்னதை அண்ணன் சொன்னால் ஒரு ஞாயிறு போய்விடும். தட்டுகளில் பல ரகம் இருக்கின்றன. அவற்றைத் தன் சொந்தபந்தங்களை வைத்துத்தான் விளக்குவார்.

“இது சாலிட். ஒரே கட்டை. எங்க மாமனார் மாதிரி. சட்டுனு சூடாக மாட்டாரு. ஆனா ஆனாருன்னா ஆற ரெண்டு நாள் ஆகும்.” அடுத்ததைத் தூக்கி அதன் விளிம்பை எனக்குக் காட்டுவார். இரண்டு தட்டுகளை ஒட்டியதுபோல இருக்கும், நடுவே காற்றுப் போக வழி. “வென்டட். இது என் கூடப் பொறந்த அக்கா. எவ்வளவு சூடானாலும் உள்ளுக்குள்ளேயே காத்து வாங்கிக்கும், வெளிய தெரியாது. கொஞ்சம் கனம், அவ்வளவுதான்.” முகமெல்லாம் ஓட்டை போட்ட டிஸ்க்கை எடுக்கும்போது அவர் உதடு கொஞ்சம் கோணும். “இது என் மச்சினன். பாக்கப் பளபளன்னு இருக்கும். தண்ணி கிண்ணி பட்டா ஓட்டை வழியா விலகிடும், நல்லதுதான். ஆனா திரும்பத் திரும்பப் போட்டு மிதிச்சோம்னு வை, அந்த ஓட்டையிலேர்ந்துதான் விரிசல் ஆரம்பிக்கும்.” கடைசியாக, முகத்தில் சாய்வாகக் கோடுகள் வெட்டியது. “கோடு போட்டது. பேடுல இருக்கற தூசி, அழுக்கு எல்லாத்தையும் வழிச்சு எடுத்துரும். மழைக்குக் கெட்டி. ஆனா சத்தம் வரும். பேடு சீக்கிரம் தேயும்.” வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார். “இது யாருன்னு சொல்லமாட்டேன். பேடு யாருன்னும் கேக்காத.”

“எல்லாம் காதுல விழுது” என்று ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வரும்.

ஒர்க்‌ஷாப்பில் அவர் இவ்வளவு இழுப்பதில்லை. ஓட்டை போட்டதுதான் வேண்டும், சக்கரத்துக்குள் பார்க்கக் கெத்தாக இருக்கும் என்று கேட்டு வருகிற இளைஞர்களிடம் ஒரே கேள்வி கேட்பார்: “கெத்தாத் தெரியணுமா, நிக்கணுமா?” பாதிப் பேர் யோசித்துவிட்டு, தெரிந்தால் போதும் என்பார்கள். மாட்டி அனுப்பிவிடுவார். வண்டியையும் ஆளையும் போகிற வழியையும் கேட்டால் எது சரி என்று அவருக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். சொந்த வண்டி விஷயத்தில் மட்டும்தான் அந்த ஒரு நிமிஷம் மாதக்கணக்கில் நீண்டுகொண்டே போனது.

ஞாயிறு தவறாமல் காரின் முன்சக்கரம் இரண்டும் கழன்றுவிடும். அதே ரகக் காரில் கழற்றிய டிஸ்க்குகளை எங்கெங்கோ தேடிப் பிடித்து வருவார். ஒரு வாரம் சாலிட், ஒரு வாரம் ஓட்டை, ஒரு வாரம் கோடு, இன்னொரு வாரம் ஓட்டையும் கோடும் சேர்ந்தது. மாட்டி முடித்ததும் மூட்டையையும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஆளில்லாத புறவழிச் சாலைக்குப் போய் மிதிமிதியென்று மிதிப்பார். பிறகு ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் குந்தி, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையைக் கொண்டுபோவார். “இது தாங்குது” என்பார். “ஆனா அதுவும் மோசமில்ல” என்பார். அத்தோடு திரும்பிவிடுவோம்.

“இந்தக் காருக்கு என்னைவிட அதிகமா மாத்துத்துணி இருக்கு” என்பது அக்காவின் புகார். புகார் துணியைப் பற்றியதல்ல. அதை நான் பின்னால்தான் புரிந்துகொண்டேன்.

அக்கா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறார். ஊசி குத்தியதே தெரியாது, தெரு முழுக்கச் சாட்சி இருக்கிறது. ஊருக்கு வெளியே அவர்கள் புதிதாகத் திறக்கும் கிளைக்கு அக்காவையே பொறுப்பாகப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக விடியும் முன்பே கதவைத் திறக்க வேண்டும். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. காரில் போனால்தான் உண்டு. டிரைவிங் ஸ்கூலில் படித்து வாங்கிய லைசென்ஸ் அக்காவிடம் வெகுநாளாக இருக்கிறது. வீட்டுக் காரை மட்டும் ஒரு நாளும் ஓட்டியதில்லை. கேட்கும்போதெல்லாம் கார் கால் மடக்கி ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும். “இந்த டிஸ்க்கை ஒரு வாரம் பாத்துருவோம், அப்புறம் எடுத்துக்க” என்பார் அண்ணன். வேண்டாம் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. சக்கரத்தைக் கழற்றுவார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அக்கா பதில் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறு ஒருத்திக்குப் போய்விடும். அந்த ஞாயிறும் நான் கீழே இறங்கியபோது கார் சக்கரமில்லாமல் நின்றது. அண்ணன் ஒரு கையில் கோடு போட்டதும் இன்னொரு கையில் ஓட்டை போட்டதுமாக, தராசுபோல உட்கார்ந்திருந்தார். அக்கா வேலைக்குப் போகிற செருப்போடு வாசலில் வந்து நின்றார்.

“மாட்டுங்க.”

“எதை?”

“ஏதாவது ஒண்ணை.”

“அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா. மழையில பாத்தன்னா...”

“மழை பெய்யுதா?”

அண்ணன் நிஜமாகவே வானத்தைப் பார்த்தார். “இல்ல.”

“நான் போற வழியில மலை இருக்கா?”

“மலை எங்க இருக்கு இங்க?”

“ரேஸுக்குப் போறேனா?”

“நீ ஏன் இப்ப...”

“கோபப்படல. கேக்குறேன். ஊசியை எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியும். காரை நிறுத்தத் தெரியாதா? சரி, அதை விடுங்க. வேற ஒரு பொம்பள உங்க ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, இதே வண்டி, இதே வழி, எதைண்ணே மாட்டலாம்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? அதைச் சொல்லுங்க.”

இதுதான் அவரை மடக்கியது. அந்தக் கேள்விக்கு அவரால் பொய் சொல்ல முடியாது. இரண்டு டிஸ்க்கையும் மெதுவாகத் தரையில் வைத்தார்.

“முன்னாடி வென்டட். ஓட்டை, கோடு ஒண்ணும் வேணாம். பின்னாடி சாலிட். தாராளமாப் போதும்.”

“நாம வண்டி வாங்கினப்ப என்ன இருந்துச்சு?”

நான் சிமென்ட் மூட்டையின் மேல் அச்சடித்திருந்ததை அவசரமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

“அதேதான்” என்றார் அண்ணன்.

“அது இப்ப எங்க?”

“கட்டிலுக்கு அடியில. போர்வையில சுத்தி வச்சிருக்கேன்.”

அக்கா சிரித்துவிட்டார். நானும் சிரித்திருப்பேன், அண்ணன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. அக்கா பக்கத்தில் வந்து குந்தினார்.

“எதுக்குங்க இவ்வளவு?”

“நின்ன வண்டி எதுவும் என்கிட்ட வர்றதில்லம்மா. நிக்காததுதான் வருது. முன்பக்கம் நசுங்கி, கண்ணாடி உதுந்து, சீட்டுல யாரோ விட்டுட்டுப் போன ஒத்தைச் செருப்போட. தினமும் அதைத்தான் பாக்குறேன்.”

அக்கா தரையில் கிடந்த டிஸ்க்கைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: “என்கிட்டயும் நல்லா இருக்கறவங்க வர்றதில்ல. அதுக்காக உங்களைத் தினமும் படுக்க வச்சு ரத்தம் எடுக்குறேனா?”

அண்ணன் எழுந்து உள்ளே போனார். போர்வை மூட்டையோடு திரும்பி வந்தார்.

மாட்டி முடிக்க அன்று அவருக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது. ஒவ்வொரு நட்டையும் முடுக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து முடுக்கினார். கடைசியாக ஒரு தடை சொல்லிப் பார்த்தார். “பேடு புதுசு. டிஸ்க்கோட பழகணும். மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா மிதிச்சுப் பழக்கணும்.”

“நானும் புதுசுதான். நாங்க சேர்ந்து பழகிக்கிறோம்” என்று அக்கா கதவைத் திறந்தார்.

இருக்கையை முன்னால் இழுத்தார். இன்னும் இழுத்தார். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே சாய்த்தார். அண்ணன் பக்கத்து இருக்கையில் தன் நீளத்தை மடித்துத் திணித்துக்கொண்டார். என் இடம் வழக்கம்போல மூட்டைக்குப் பக்கம்.

புறவழிச் சாலைக்குப் போனோம். அக்கா வேகத்தை ஏற்றுவதும் மெல்ல மிதித்துத் தணிப்பதுமாக ஓட்டினார். அண்ணனின் வாய் அடிக்கடி திறந்து, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டது. திரும்பி வரும்போது வளைவில் ஒரு பெயின்டர், சைக்கிளுக்குப் பக்கவாட்டில் ஏணியைக் கட்டிக்கொண்டு, கையும் காட்டாமல் குறுக்கே திரும்பினார். ஏணியின் வால் அரைவட்டம் போட்டுக்கொண்டு எங்கள் முன்கண்ணாடியை நோக்கி வந்தது. அண்ணனின் இரண்டு கைகளும் முன்னால் போய் டாஷ்போர்டைப் பிடித்துவிட்டன. கார் அதற்குள் நின்றிருந்தது. முனகல்கூட இல்லை. ஏணி எங்களைக் கடந்து போனது. பெயின்டர் திரும்பிப் பார்த்து, அக்காவுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார்.

“ஏதாவது சொல்லுங்க” என்றார் அக்கா.

“முன்னாடி பாத்து ஓட்டு” என்றார் அண்ணன்.

வீட்டு வாசலில், பின்பக்கம் உள்ளேயும் முன்பக்கம் தெருவிலுமாகக் காரை விட்டுவிட்டு, இறங்கும் முன்பே அக்கா போனை எடுத்தார். “நான் வர்றேன் சார். ஆமா, கார்லதான்.” பேசியபடியே வீட்டுக்குள் போய்விட்டார். அண்ணன் கீழே சிதறிக் கிடந்த டிஸ்க்குகளைப் பொறுக்கிச் சுவரோரம் அடுக்கினார். எந்த ரகம் மேலே, எது கீழே என்று அன்று அவர் பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் தெருவுக்குள் ஒரு தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. கார் வழியை மறித்திருந்தது. அண்ணன் ஓடிப்போய்க் காருக்குள் ஏறினார். ஏறினார் என்பதைவிட உள்ளே மாட்டிக்கொண்டார் என்று சொல்லலாம். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கை முட்டின.

லாரிக்காரர் தலையை வெளியே நீட்டினார். “அண்ணே, சீட்டைப் பின்னாடி தள்ளிக்கிறது!”

“இருக்கட்டும், இருக்கட்டும்.”

இருக்கையைத் தள்ளும் பிடி அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை, கண்ணாடியையும் தொடவில்லை. அக்காவின் உயரத்துக்குச் சாய்ந்திருந்த கண்ணாடியில் பின்பக்கம் தெரியவேண்டி, அவ்வளவு நீளக் கழுத்தையும் தோளுக்குள் இறக்கிக்கொண்டு, முழங்கால்களை அகட்டி, அங்குலம் அங்குலமாகக் காரை வாசலுக்குள் ரிவர்ஸ் எடுத்தார்.