ரக்ஷா கல்யாணத்தில் இரண்டு ஊர்வலம்

விவேக் நகர் மௌரீனுக்கு ட்ரோன் பைத்தியம் ஐம்பது வயதுக்கு மேல்தான் பிடித்தது. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் கணவர் ரெமிஜியஸுடன் ஊருக்கு வெளியே போய்ப் பறக்கவிடுவார். உடன் வேலை செய்த ரக்ஷா, ஆனேக்கல் பக்கம் ஒரு தோட்டத்தில் நடக்கவிருந்த தன் கல்யாணத்தைப் படமெடுக்கக் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டார். கடையில் இருந்ததிலேயே பெரிய மெமரி கார்டாக வாங்கினார். கல்யாணம் முழுக்க அதில் அடங்கிவிடும் என்று நிம்மதி.

மாலையில் மாப்பிள்ளை அழைப்பு. நாதஸ்வரம் முன்னே வர, அலங்கரித்த கார் தென்னை வரிசைக்குள் திரும்பியது. அப்போது பதிவு நின்றது. கார்டு மெதுவாக இருக்கிறது என்றது ரிமோட்டின் திரை. மறுபடி அழுத்தினார், மறுபடியும் நின்றது. ட்ரோனை இறக்குவதற்குள் ஊர்வலம் வாசலுக்கு வந்துவிட்டது.

மௌரீன் அதை மறைக்கவில்லை. நேரே மணப்பெண்ணின் அறைக்குப் போய்ச் சொன்னார்.

"ஊர்வலம் பதிவாகலம்மா. கார்டு நின்னு நின்னு போச்சு."

ரக்ஷா சிரித்துவிட்டாள். "பரவால்ல ஆன்ட்டி, அவங்கள இன்னொரு வாட்டி வரச் சொல்றேன். வேற கார்டு இருக்கா?"

இல்லை. மாப்பிள்ளையின் நண்பன் சாய்கிருஷ்ணா, பைக் பயணங்களைப் படமெடுப்பவன், தன் கேமராவில் இருந்த கார்டைக் கழற்றினான். இருந்த படங்களை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டே விளக்கினான்.

"உங்க கார்டுல எடம் நெறய இருக்கு ஆன்ட்டி. ஆனா ட்ரோன் அனுப்பற வேகத்துக்கு அதால எழுத முடியல. இதுல எழுதற வேகம் வி30ன்னு போட்டிருக்கு பாருங்க, அதத்தான் பாத்து வாங்கணும்."

கார்டை ட்ரோனிலேயே ஃபார்மட் செய்து பறக்கவிட்டார் மௌரீன். கார் பின்னுக்குப் போய் மறுபடி கிளம்பியது. முதல் தடவை விறைப்பாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, இரண்டாம் தடவை இறங்கி ஆடத் தொடங்கினான். அவன் அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டார். நாதஸ்வரக்காரர் சினிமாப் பாட்டுக்கு மாறினார். பதிவு ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

அடுத்த வாரமே மௌரீன் வி30 கார்டுகளாகச் சிலது வாங்கினார். எல்லாவற்றையும் ஒன்றில் நம்பாமல், ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டார். படமெடுக்கக் கொண்டுபோகும் முன் ஒவ்வொன்றையும் பாட்டரி தீரும்வரை ஓடவிட்டுச் சோதித்தார். அந்தச் சோதனைப் படங்களில் எல்லாம், வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ரெமிஜியஸ் வயலில் நடந்துகொண்டேயிருக்கிறார்.